போக்கி மெஷினில் விழுந்த பணம் யாருடையது?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, சகோதரிகளே, இந்த உரையைப் பிறகு வீட்டில் இருந்து படிக்கப்போகிறவர்களே! இன்று நான் புதிதாக ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு வரவில்லை. ஒருவருக்குப் பாதி சொல்லிவிட்டு நிறுத்திய பதிலின் மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்து ஒரு கவரை நீட்டினார். "பள்ளிவாசல் கூரை வேலைக்கு வச்சுக்கங்க ஹஜ்ரத்" என்றார். கவர் கனமாக இருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். 3,800 டாலர். எங்கிருந்து என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "கிளப்பில் மெஷினில் விழுந்தது" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். "இது ஹராம். பள்ளிவாசலுக்கு ஆகாது" என்றேன். அவர் சலாம் சொல்லிவிட்டுக் கவரோடு போய்விட்டார்.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. பிறகு அவருடைய வீட்டார் போன் செய்தார்கள். நான் வாங்க மறுத்த அன்று இரவே அவர் அதே கிளப்புக்குப் போயிருக்கிறார். இரண்டு இரவுகளில் அந்த 3,800 போய்விட்டது. அதோடு வாடகைக்கு எடுத்து வைத்திருந்த பணமும் போய்விட்டது. அந்தச் சகோதரி என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க வேற எங்க கொடுக்கணும்னு சொல்லியிருந்தா கொடுத்திருப்பார் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். அவர்களுடைய அனுமதி பெற்றுத்தான், ஆளை அடையாளம் காட்டாமல், இதை உங்கள் முன் வைக்கிறேன்.

ஹராம் என்று நான் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஹராமான பணம் கையில் வந்துவிட்ட ஒரு மனிதருக்கு, அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அரபிக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன், ஓதியதில் ஒரு வரியைச் சொல்லிவிட்டு மீதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பணம் எப்படி ஒருவர் கைக்கு வருகிறது என்று முதலில் பார்ப்போம். இங்கே சிட்னியில் வாழ்கிற நம்மில் பலர் உள்ளே போனதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் 1956 முதல் கிளப்புகளில் இந்த மெஷின்களுக்குச் சட்ட அனுமதி உண்டு. இன்று மாநிலம் முழுவதும் 85,000-க்கும் மேற்பட்ட மெஷின்கள் இருக்கின்றன. நம்மில் பலர் குடியிருக்கும் மேற்கு சிட்னியில், பேர்ஃபீல்ட் பகுதி மாநிலத்திலேயே அதிகப் பணம் தொலைக்கும் இடங்களில் ஒன்று.

விளையாடுகிறவர் நோட்டை உள்ளே விடுகிறார். நிறுத்த நினைத்தால் ஒரு பொத்தானை அழுத்துகிறார். மெஷின் ஒரு சீட்டை வெளியே தள்ளுகிறது. அதில் தொகை, தேதி, நேரம், ஒரு பார்கோடு இருக்கும். அதைக் கவுண்டரில் கொடுத்தால் பணம் தருவார்கள். தொகை பெரிதாக இருந்தால் மெஷின் தானாகவே நின்றுவிடும். ஊழியர் ஒருவர் வந்து சரிபார்த்து, எழுதி, கையெழுத்து வாங்குவார். 5,000 டாலருக்கு மேல் போனால், மேற்பட்ட பகுதியை ரொக்கமாகத் தரக் கூடாது; கோடிட்ட காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோதான் தர வேண்டும். வென்றவர் கேட்டால் மொத்தத்தையும் அப்படியே தர வேண்டும். விக்டோரியாவில் இந்த வரம்பு 2,000 டாலர். அந்தக் காசோலையின் மேலேயே இது பரிசுக் காசோலை, இதை மாற்றுவதற்கு விதிகள் உண்டு என்று எழுதப்பட்டிருக்கும். வென்றவரிடமிருந்து அந்தக் காசோலையை இன்னொருவர் விலைக்கு வாங்குவது குற்றம். ஏனென்றால் போதைப்பொருள் பணம் வைத்திருப்பவன் அந்தக் காசோலையை வாங்கி, 'நான் மெஷினில் ஜெயித்தேன்' என்று காட்டிவிடலாம். 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்கம் கை மாறினால், ஆஸ்ட்ராக் என்ற மத்திய அரசு அமைப்புக்கு அறிக்கை போக வேண்டும்.

எவ்வளவு கவனம் பாருங்கள்! நம் கடைகளில் கடன் கொடுத்து வாங்குவதற்குக்கூட இவ்வளவு எழுத்து கிடையாது. அல்பகராவில் 282-ஆம் வசனத்தில், கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று அல்லாஹ் நமக்குச் சொன்னதை அவர்கள் சூதாட்டத்தில் செய்கிறார்கள்.

ரொக்கத்துக்கு ஏன் வரம்பு வைத்தார்கள்? கறுப்புப் பணம் ஒரு காரணம். இன்னொரு காரணம், பணம் கையில் சூடாக இருந்தால் வென்றவர் வாசலைத் தாண்ட மாட்டார், திரும்பவும் மெஷினிலேயே போடுவார். காசோலை என்றால் வங்கிக்குப் போக வேண்டும், ஒரு நாள் இரண்டு நாள் ஆகும், அதற்குள் புத்தி தெளியும். அந்தச் சகோதரருக்கு விழுந்தது 3,800. வரம்புக்குக் கீழே. அத்தனையும் ரொக்கம். சட்டம் தர முடியாத அந்த இரண்டு நாள் அவகாசத்தை நான் தந்திருக்கலாம். தரவில்லை.

நம் ஜமாஅத்தில் ஒரு தம்பி இருக்கிறார். படிக்க வந்தவர். பகுதிநேர வேலையாக ஒரு கிளப்பில் இந்தக் கவுண்டரில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த வேலைக்கு, பொறுப்பான முறையில் சூதாட்டத்தை நடத்துவது எப்படி என்று ஒரு பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். (பொறுப்பான முறையில் சூதாட்டம்! இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.) மார்க்கச் சட்டம் கேட்டு என்னிடம் வந்தார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "ஜெயிச்சவங்க பேரை எழுதுவேன் ஹஜ்ரத். ஐடி பார்ப்பேன், கையெழுத்து வாங்குவேன். தோத்தவங்க சும்மா எழுந்து போவாங்க. அவங்ககிட்ட யாரும் கையெழுத்து வாங்கறது இல்ல."

சகோதரர்களே, இன்றைய குத்பாவின் விஷயம் முழுவதும் அந்தத் தம்பியின் வார்த்தையில் இருக்கிறது. அந்த 3,800 டாலரைக் கிளப் தன் கல்லாவிலிருந்து தரவில்லை. மெஷின் பணம் அச்சடிப்பதில்லை. அன்று மாலையும் முந்தைய நாளும் அதற்கு முந்தைய வாரமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனவர்களின் பணம் அது. ஒரு டாக்சி ஓட்டுநர், ஒரு பாட்டி, குழந்தைக்குப் பால் வாங்கப் போன ஒரு தகப்பன். கிளப் அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டது, அரசு வரியை எடுத்துக்கொண்டது, மீதி ஒருவர் கையில் விழுந்தது. 2010-ல் இந்த நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மெஷின்களில் தொலைகிற பணத்தில் ஏறத்தாழ 40 சதவீதம், சூதாட்டத்தை விட முடியாமல் தவிக்கிறவர்களிடமிருந்து வருகிறது என்று அது மதிப்பிட்டது. பத்து டாலரில் நான்கு, நோயாளியின் பணம்.

"மெஷின் 85 சதவீதம் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சட்டம் இருப்பது உண்மை. சில மெஷின்கள் அதைவிடக் கூடுதலாகவே தரும். 90 என்றே வைத்துக்கொள்வோம். நூறு டாலர் கொண்டுபோகிறீர்கள். ஒரு சுற்று முழுவதும் ஆடினால் சராசரியாக 90 மிஞ்சும். எழுந்து போவீர்களா? அந்த 90-ஐ மறுபடி ஆடுவீர்கள். 81 ஆகும். பிறகு 73. இப்படிப் பத்துத் தடவை சுழன்றால் ஏறத்தாழ 35 டாலர் இருக்கும். அந்தச் சதவீதம் நீங்கள் கொண்டுபோன பணத்துக்குச் சொன்னதில்லை, ஒவ்வொரு பந்தயத்துக்கும் சொன்னது. இன்னொன்று, ஒரு டாலர் கட்டி முப்பது சென்ட் திரும்பி வந்தாலும் மெஷின் விளக்கெரித்துப் பாட்டுப் போடும். எழுபது சென்ட் இழந்தவனுக்கு வாழ்த்துப் பாடல்!

அல்மாயிதாவின் 90, 91-ஆம் வசனங்களில் அல்லாஹ் மதுவையும் சூதையும் ஷைத்தானின் அசுத்தமான செயல் என்கிறான். அவற்றின் மூலம் உங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், அல்லாஹ்வின் நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் உங்களைத் தடுக்கவுமே ஷைத்தான் விரும்புகிறான் என்கிறான். மாணவனாக இருந்தபோது எனக்கு இதில் ஒரு கேள்வி இருந்தது. சீட்டாட்டத்தில் எதிரே ஆள் இருக்கிறான், பகை வரும். மெஷினோடு ஆடுகிறவனுக்கு யாரோடு பகை? அந்தச் சகோதரியின் போன் வந்த பிறகு புரிந்தது. எதிராளி முகம் இல்லாததால் பகை வீட்டுக்கு வந்துவிடுகிறது. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே, தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொழுகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. இந்த மெஷின்களைப் பொதுவாக அதிகாலை 4 மணிக்குத்தான் நிறுத்துகிறார்கள். நம் முன்னோர்கள் தஹஜ்ஜுத் தொழுது அழுத நேரம் அது.

சரி, பணம் கையில் வந்துவிட்டது. மனிதர் வருந்துகிறார். என்ன செய்வது?

அபூபக்ர் (ரலி) அவர்களின் சம்பவம் ஒன்று தஃப்ஸீர் நூல்களில் வருகிறது. பாரசீகரிடம் தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று சூரத்துர் ரூம் இறங்கியபோது, மக்காவில் இணைவைப்பாளர் ஒருவரோடு அவர்கள் ஒட்டகங்களைப் பந்தயம் கட்டினார்கள். சூது தடுக்கப்படுவதற்கு முந்தைய காலம் அது. அல்லாஹ்வின் வாக்கு பலித்தது, ஒட்டகங்கள் வந்தன. ஓர் அறிவிப்பின்படி, நபி (ஸல்) அவர்கள் அதைத் தர்மமாகக் கொடுத்துவிடும்படி சொன்னார்கள். குர்ஆனின் வாக்கை நம்பிக் கட்டிய பந்தயம், கட்டியவர் ஸித்தீக். அப்படியும் அந்தப் பணம் வீட்டில் தங்கவில்லை.

ஃபிக்ஹில் அடிப்படை இதுதான். அந்தப் பணத்துக்கு உரியவர் தெரிந்தால் அவரிடமே திருப்பித் தர வேண்டும். உரியவர் யாரென்று தெரியாமல், தேடியும் பயனில்லை என்றால்? நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பெரிய இமாம், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம்முடைய அல்மஜ்மூஉ நூலில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடமிருந்து எடுத்துச் சொல்கிறார்கள்: முஸ்லிம்களின் பொது நலன்களுக்கு, பாலம், பள்ளிவாசல் போன்றவற்றுக்குச் செலவிட வேண்டும், இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அதை வைத்திருப்பவரே ஏழையாக இருந்தால் தன் தேவைக்கும் தன் குடும்பத்தின் தேவைக்கும் எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு.

கவனித்தீர்களா? பள்ளிவாசல் என்ற வார்த்தையே அந்தப் பட்டியலில் இருக்கிறது. நான் "பள்ளிவாசலுக்கு ஆகாது" என்று அடித்துச் சொன்னேனே, அதில்கூட இமாம்களிடம் விரிந்த பேச்சு இருக்கிறது. அந்த மனிதருக்கு வாடகை பாக்கி இருக்கிறதா, கடன் இருக்கிறதா என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஒருவேளை அந்தப் பணம் மார்க்கம் அனுமதித்த ஒரு வழியிலேயே அவருடைய குடும்பத்தின் கூரையைக் காப்பாற்றியிருக்கும். கேட்கவில்லை.

நம் நிர்வாகம் மஷூரா செய்து எடுத்த முடிவு, பள்ளிவாசல் கணக்கில் இந்தப் பணத்தை வாங்குவதில்லை என்பது. அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. நபித்துவத்துக்கு முன், குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்தபோது வட்டி, விபசாரம், பிறரிடம் பறித்தது ஆகிய பணம் ஒரு காசும் இதில் சேரக் கூடாது என்று தீர்மானித்தார்கள். சிலைகளை வணங்கியவர்கள்! நல்ல பணம் போதவில்லை. அதனால் ஒரு பகுதியைக் கட்டாமல் வெளியே விட்டார்கள். இன்றும் நீங்கள் தவாஃப் செய்யும்போது சுற்றிப் போகிறீர்களே, ஹிஜ்ர், அதுதான் ஹலாலான பணம் தீர்ந்துபோன இடம். நம் கூரை இன்னும் ஒரு மழைக்காலம் ஒழுகினால் ஒழுகட்டும். ஆனால் வாங்க மறுப்பதோடு வேலை முடியவில்லை. வேறு கைக்கு அதை வழி காட்ட வேண்டும். இனிமேல் காட்டுவோம்.

கொடுக்கும்போது நன்மை கிடைக்கும் என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். அது உங்கள் ஸதகா கிடையாது. பெயர் எழுதப்படாத அந்தத் தோற்றவர்களின் பணத்தை, அவர்கள் சார்பில் சேர்ப்பிக்கிறீர்கள். உங்களுக்குரிய கூலி தவ்பாவில் இருக்கிறது. நீங்கள் முதலில் போட்ட உங்கள் சொந்தப் பணத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாமா என்பதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆளுக்கு ஆள் நிலைமை மாறும். அதை மிம்பரில் சொல்ல மாட்டேன், தனியே வாருங்கள்.

இன்னொரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. "கிளப் நல்லது செய்கிறது ஹஜ்ரத். பிள்ளைகளின் ஃபுட்பால் டீமுக்குச் சட்டை வாங்கித் தருகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறது." கொடுப்பது உண்மைதான். ஆண்டுக்கு பத்து லட்சம் டாலருக்கு மேல் மெஷின் வருமானம் உள்ள கிளப்புகள் ஒரு சிறு சதவீதத்தைச் சமூகப் பணிக்குக் கொடுத்தால் வரியில் சலுகை உண்டு. இது புதிய விஷயம் என்று நினைக்காதீர்கள். அரபு நாட்டின் மைஸிரே இப்படித்தான் இருந்தது. ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைப்பார்கள். பத்து அம்புகள் இருக்கும். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு, மூன்று வெற்று அம்புகள். பையிலிருந்து உருவுவார்கள். வெற்று அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தங்கள் கொடைத்தன்மையைப் பேசிப் பெருமையடிப்பார்கள். கலந்துகொள்ளாதவனைக் கஞ்சன் என்பார்கள். அல்பகரா 219-இல், சூதில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அல்லாஹ் மறுக்கவில்லை. பாவம் அந்தப் பயனைவிடப் பெரிது என்கிறான். ஏழை வயிற்றுக்குப் போன இறைச்சியையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்தத் தீர்ப்பு. ஃபுட்பால் சட்டையும் அந்தக் கணக்கில் அடங்கிவிட்டது.

கவுண்டரில் வேலை செய்த தம்பிக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பாவத்திலும் வரம்பு மீறுவதிலும் ஒருவருக்கொருவர் உதவக் கூடாது என்று அல்மாயிதாவின் 2-ஆம் வசனம் சொல்கிறது. அந்த வேலை கூடாது என்றேன். இந்தத் தடவை அதோடு நிறுத்தவில்லை. அவருடைய கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டேன். அவர் வேலையை விட்டுவிட்டார். இந்த மாதம் கையில் ஒன்றும் இல்லை. உங்களில் கடை, கிடங்கு, டெலிவரி வண்டி வைத்திருப்பவர்கள் தொழுகை முடிந்து என்னைப் பார்க்காமல் போகாதீர்கள். ஹராமை விட்டுவிடு என்று மிம்பரில் சொல்வது எனக்கு எளிது. விட்டவனுக்கு ஒரு சம்பளம் காட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம், திரையில் படிப்பவர்களிலும் இருக்கலாம். உங்களிடம் இப்போது ஒரு சீட்டு இருந்தால், அதை மாற்றியே ஆக வேண்டிய நிலை என்றால், ரொக்கமாக வாங்காதீர்கள். கணக்கில் போடச் சொல்லுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். கிளப்பிலேயே எழுதிக் கொடுத்து உங்களை நீங்களே உள்ளே வரத் தடை செய்துகொள்ளலாம், இந்த மாநிலத்தில் அது குறைந்தது ஆறு மாதத்துக்கு நிற்கும். வெட்கப்பட வேண்டாம். 1800 858 858 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு எதிரானது கிடையாது. நண்பரை "வா, சும்மா ஒரு இருபது டாலர் போட்டுப் பார்ப்போம்" என்று விளையாட்டாகக் கூப்பிட்டவர்களுக்கும் ஒன்று: சூதாட வா என்று அழைத்தவர் அதற்காகவே தர்மம் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆடவில்லை, அழைத்ததற்கே அது.

அந்தக் கவர் கொண்டுவந்த சகோதரர் இப்போது வேறொரு பள்ளியில் ஜும்ஆ தொழுகிறார் என்று கேள்விப்பட்டேன். இந்த எழுத்து அவர் கண்ணில் பட்டால், அவருக்கு ஒரு வார்த்தை. அன்று உங்கள் கையில் இருந்ததை மட்டும் பார்த்தேன். உங்களைப் பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் பின் அறையில்தான் இருப்பேன். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். வீட்டு வாடகை எவ்வளவு பாக்கி என்று அன்று கேட்காமல் விட்டதைக் கேட்க வேண்டும்.

யா அல்லாஹ்! அவருடைய வீட்டிலும் எங்கள் வீடுகளிலும் ஹலாலானதைக் கொண்டு ஹராமை விட்டுப் போதுமாக்கித் தருவாயாக. எவருடைய பணம் என்று தெரியாமல் எங்கள் கைகளில் வந்து சேர்ந்தவற்றின் பாரத்திலிருந்து மறுமைக்கு முன்பே எங்களை விடுவிப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.